பூங்காத் தெருவில் பள்ளம் தோண்டினால் போக்குவரத்தை எப்படிக் கையாளுவது?

சென்னையில் பூங்கா இருக்கும் ஒரு தெருவில் மழைநீர் வடிகாலுக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டினால் தெரு பாதியாகச் சுருங்கிவிடும். பக்கத்துப் பெரிய சாலையை மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்தால், அந்த வண்டிகளும் இந்தப் பாதித் தெருவுக்குள்தான் புகும். காலையில் நடக்க வரும் பெரியவர்களும் மாலையில் ஊஞ்சலுக்கு ஓடும் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் தெருவைக் கடந்தாக வேண்டும்.

இந்த நிலையில் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் “ஸ்பீடு பிரேக்கர் போடுங்கள்” என்பதுதான். பல தெருக்களில் அது முதலில் கேட்க வேண்டியதே இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்கு ஆபத்து என்பதை அளந்துகொண்டு, அந்தச் சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்திடம், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்றதைக் கேட்க வேண்டும். தோண்டும் முன் கேட்டால் ஒரே நாளில் கிடைக்கக்கூடிய தடுப்பு வேலி, தோண்டிய பிறகு கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். தார் போடும் முன் கேட்டால் சேர்த்தே முடியும் மேடைக் கடவை (நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடக்குமிடம்), தார் போட்ட பிறகு கேட்டால் தனி மதிப்பீடு, தனி டெண்டர் என்று போய்விடும்.

சாலை யாருடையது, பள்ளம் யாருடையது

இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். தெரு மாநகராட்சியுடையதாக இருக்கும். பள்ளம் குடிநீர் வாரியத்துடையதாகவோ, மின்வாரியத்தின் கேபிள் வேலையாகவோ, இணையக் கம்பிப் பதிப்பாகவோ இருக்கும். சென்னையில் உட்புறச் சாலைகளை வார்டு அளவில் உதவிப் பொறியாளர் பார்த்துக்கொள்கிறார். பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை இருக்கிறது. பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. பூங்காவின் சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பது பூங்காத் துறை. வாசலுக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்தாலே பொறுப்பு மாறிவிடும். “நடைபாதையும் வாசலும் சேருமிடத்தில் சரிவு இல்லை” என்ற புகார் மாதக்கணக்கில் அலைவது இதனால்தான்; இரண்டு துறைகளுமே அது தங்களுடையது இல்லை என்று சொல்ல முடியும். அந்தப் புகாரை மட்டும் இரண்டு துறைகளுக்கும் ஒரே கடிதமாக, ஒவ்வொருவருக்கும் நகல் காட்டி அனுப்புங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர், ஒப்பந்ததாரர், தொடங்கும் தேதி, முடியும் தேதி ஆகிய நான்கும் வேண்டும். பலகை இல்லையென்றால் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்து, இந்தத் தெருவில் ரோடு கட் அனுமதி (சாலையை வெட்டும் அனுமதி) யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். பிறகு எழுதும் எல்லாக் கடிதங்களிலும் அந்த எண் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புதிதாகச் சாலை வெட்டுவதை மாநகராட்சி நிறுத்தி வைப்பது வழக்கம். செப்டம்பர் கடைசியில் யாராவது புதிதாகத் தோண்ட ஆரம்பித்தால் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

வண்டிகளைத் திருப்பிவிடுவது, ஒருவழியாக்குவது, கனரக வண்டிக்கு நேரம் வைப்பது ஆகியவை போக்குவரத்துக் காவல் துறையின் வேலை. உதவிப் பொறியாளரிடம் இவற்றைக் கேட்டுப் பயனில்லை. அதேபோல் நடைபாதை உடைந்திருப்பதைப் போக்குவரத்து ஆய்வாளரிடம் சொல்லியும் பயனில்லை.

அளந்துகொள்ளுங்கள்: ஒரு வாரம் போதும்

“எங்கள் தெருவில் டிராபிக் ரொம்ப அதிகம்” என்ற வாக்கியத்துக்கு எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. “மாலை 5:30 முதல் 6:30 வரை பூங்கா வாசலில் 140 பேர் கடக்கிறார்கள், அதில் 60 பேர் சிறுவர்கள், அந்த ஒரு மணி நேரத்தில் 700 வண்டிகள் போகின்றன” என்றால் எடுக்க முடியும். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் தெருவுக்கு நீங்களே எண்ண வேண்டும்.

ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு என்று இரண்டு நாள் எடுங்கள். மழை நாள், பண்டிகை, பள்ளி விடுமுறை வேண்டாம். பூங்காத் தெருவுக்குக் காலை 5:30 முதல் 7:30, மாலை 4:30 முதல் 7:30 ஆகிய நேரங்கள்தான் முக்கியம். 15 நிமிடத்துக்கு ஒரு வரி என்று தாளில் கோடு போட்டு, இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், வேன், லாரி என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஒருவர் வண்டிகளை மட்டும், இன்னொருவர் கடப்பவர்களை மட்டும். இரண்டையும் ஒரே ஆள் எண்ணினால் கூட்டம் கூடும் நேரத்தில்தான் கணக்கு தவறும், நமக்கு வேண்டியதோ அந்த நேரத்துக் கணக்கு. கடப்பவர்களில் சிறுவர், முதியவர், சக்கர நாற்காலி அல்லது குழந்தை வண்டி தள்ளுபவர் என்று பிரித்துக் குறியுங்கள். சடாரென்று பிரேக் போட்டது, கால் வைத்தவர் பின்வாங்கியது போன்ற நூலிழைத் தப்பல்களுக்கு ஒரு தனிப் பத்தி வேண்டும். விபத்துப் பதிவே இல்லாத தெருவில் ஆபத்தைக் காட்டும் ஆதாரம் அதுதான்.

வேகத்தை அளக்க ராடார் வேண்டாம். தெரு ஓரத்தில் 50 மீட்டரை டேப்பால் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். முதல் கோட்டில் நிற்பவர் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது கையை இறக்க வேண்டும். இரண்டாவது கோட்டில் நிற்பவர் போனில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, தன் கோட்டைச் சக்கரம் தொடும்போது நிறுத்த வேண்டும். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்குக் கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். 6 விநாடி என்றால் 30, 4.5 விநாடி என்றால் 40, 3.6 விநாடி என்றால் 50. ஒரே ஆள் நடுவில் நின்று இரண்டு கோட்டையும் பார்த்தால் பார்வைக் கோணம் சாய்ந்து கணக்கு கெடும். விரல் பிந்துவதால் 0.3 விநாடி பிசகினாலும் 40 கி.மீ. வேகத்தில் 3 கி.மீ. அளவுக்குத்தான் மாறும், பரவாயில்லை.

100 வண்டிகள் அளந்ததும் வேக வரிசையில் எழுதி, மிக வேகமான 15 வண்டிகளை ஒதுக்கிவிட்டு அடுத்த வண்டியின் வேகத்தைப் பாருங்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் 85-ஆவது சதமான வேகம் என்று சொல்வது ஏறக்குறைய இதுதான். சராசரி வேகத்தை எழுதாதீர்கள். நெரிசலில் ஊர்ந்த வண்டிகள் சராசரியைக் கீழே இழுத்துவிடும், “வேகம் 22தானே, பிரச்சினை இல்லையே” என்ற பதில் வரும்.

வாசலில் நின்று பார்வையை அளப்பது

பூங்கா வாசலில் பெரும்பாலான ஆபத்துக்கு வேகத்தைவிடப் பார்வை மறைவே பெரிய காரணம். கணக்கு எளிது. 9 மீட்டர் அகலத் தெருவை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கும் ஒரு முதியவர் கடக்க 9 விநாடி ஆகும். 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த 9 விநாடியில் 100 மீட்டர் வந்துவிடும். அதாவது, கால் எடுத்து வைக்கும்போது 100 மீட்டர் தூரம் வரை அவருக்குத் தெரிய வேண்டும். வாசலை ஒட்டி ஒரு வேன் நின்றால் 15 மீட்டர்கூடத் தெரியாது.

ஓட்டுபவரின் பக்கமும் பாருங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் (ஐ.ஆர்.சி.) தரப்படி, வண்டி நிற்க 30 கி.மீ. வேகத்தில் 30 மீட்டரும், 40-இல் 45 மீட்டரும், 50-இல் 60 மீட்டரும் பார்வைத் தூரம் வேண்டும். ஆகவே வாசலின் முன் தரையில் குந்தி, ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டரில், போனை வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பெரியவர் உயரத்தில் எடுத்த படத்தில் தெரியும் வண்டி இந்தப் படத்தில் காரின் பானெட்டுக்குப் பின்னால் காணாமல் போயிருக்கும். கடிதத்தோடு இந்த இரண்டு படத்தையும் அருகருகே வைத்து அனுப்பினால் விளக்கமே தேவைப்படாது.

இதிலிருந்து பிறக்கும் கோரிக்கை மலிவானது: வாசலின் இரு பக்கமும் தலா 10 மீட்டருக்கு நிறுத்தத் தடை. மஞ்சள் கோடு மட்டும் போட்டால் ஒரு வாரம்தான் மதிப்பார்கள். தடுப்புத் தூண்கள் நட்டால் கார் நிற்காது. தூண்களுக்கு இடையே 1.2 மீட்டர் விட வேண்டும், அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி போகாது. அந்த இடைவெளியில் இருசக்கர வண்டி நுழையும் என்பது உண்மைதான். அதைத் தூணால் தடுக்கப் பார்த்து இடைவெளியை 70 சென்டிமீட்டராக்கும் பூங்காக்களில் கடைசியில் உள்ளே போக முடியாமல் நிற்பது நாற்காலிக்காரர்தான். இருசக்கர வண்டிகளுக்கு வாசலிலிருந்து 15 மீட்டர் தள்ளி, வெள்ளைக் கோடு போட்ட தனி இடம் கொடுப்பதே வேலைக்கு ஆகும் வழி. இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் வண்டிகள் எதிர் வீட்டுக் கேட்டுக்கு முன் போய் நிற்கும்.

தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

வேலை தொடங்கும் தேதி தெரிந்ததும் உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரரின் தளப் பொறியாளர், போக்குவரத்து ஆய்வாளர் மூவரையும் தெருவிலேயே நின்று சந்திப்பது நல்லது. அலுவலகத்தில் பேசினால் வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தெருவில் நின்றால் வேப்பமரமும் மின்பெட்டியும் எங்கே இருக்கின்றன என்பது கண்ணில் படும்.

பணியிடப் போக்குவரத்துக்கு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது. அதன்படி ஒரு பணியிடம் நான்கு பகுதியாகப் பிரிகிறது: முன் எச்சரிக்கை, வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி. நம் தெருக்களில் மூன்றாவது மட்டும்தான் இருக்கும். எச்சரிக்கைப் பலகை பள்ளத்தின் மேலேயே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், அதைப் படிக்கும்போது வண்டி ஏற்கெனவே பள்ளத்தின் பக்கத்தில் இருக்கும். உட்புறத் தெருவில் 50 மீட்டர் முன்னால் ஒரு பலகை, தெரு முனையிலேயே “இந்தத் தெருவில் வேலை நடக்கிறது, கார் போக முடியாது” என்று இன்னொரு பலகை கேளுங்கள். முனைப் பலகைதான் அதிகம் உதவும். உள்ளே 80 மீட்டர் வந்துவிட்ட கார் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் பின்னால் நடப்பவர்கள் அடிபடுகிறார்கள்.

அடுத்து அகலம். ஆம்புலன்ஸ் ஏறக்குறைய 2 மீட்டர் அகலம்; கண்ணாடி, கதவு திறப்பு எல்லாம் சேர்த்து 3 மீட்டர் பாதை தடையின்றி இருக்க வேண்டும். அதற்கு மேல் நடப்பவர்களுக்கு 1.5 மீட்டர் தனியாக வேண்டும். 9 மீட்டர் தெருவில் 2 மீட்டர் பள்ளம், ஒரு மீட்டர் வேலியும் ஆட்கள் நிற்கும் இடமும், 3 மீட்டர் வண்டிப் பாதை, 1.5 மீட்டர் நடைபாதை போனால் மிச்சம் 1.5 மீட்டர்தான். தோண்டிய மண்ணைக் கொட்ட அதில் இடமில்லை. பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளித்தான் மண்ணைக் குவிக்க வேண்டும். விளிம்பிலேயே குவித்தால் அந்தப் பாரத்தில் பக்கச்சுவர் சரியும், உள்ளே இருக்கும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. ஆகவே மண்ணை அன்றன்றைக்கு லாரியில் அகற்ற வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நடைபாதைக்கென்று ஒதுக்கிய இடத்தில் மண் ஏறும், நடப்பவர்கள் வண்டிப் பாதைக்கு இறங்குவார்கள்.

ஒரே நேரத்தில் முழுத் தெருவையும் திறக்க விடாதீர்கள். 50 மீட்டர் தோண்டி, பதித்து, மூடியபின் அடுத்த 50 மீட்டர் என்று போகலாம். பூங்கா வாசலுக்கு நேரே வரும் பகுதியைப் பள்ளி நாட்களில் முடித்துவிட வேண்டும், கோடை விடுமுறையில் வேண்டாம். பூங்காவுக்கு இரண்டாவது வாசல் இருந்து பூட்டிக் கிடந்தால், வேலை முடியும்வரை அதைத் திறந்து வைக்கும்படி பூங்காத் துறையிடம் கேளுங்கள். பல பூங்காக்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துவிடும் இந்த எளிய காரியத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை.

வேலை நடக்கும்போது தினமும் பார்க்க வேண்டியது

மாலை 6:30 மணிக்கு, இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வந்தால் போதும். பகலில் எல்லாப் பள்ளமும் பாதுகாப்பாகத்தான் தெரியும்.

சிவப்பு வெள்ளை ரிப்பன் வேலி ஆகாது. அது காற்றில் அறுந்து மழையில் தரையில் கிடக்கும். ஒரு மீட்டர் உயர இரும்புத் தடுப்பு, ஒன்றோடொன்று கட்டியதாக, இடைவெளி இல்லாமல் வேண்டும். தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் ஒரு கீழ்க்கம்பியும் இருக்க வேண்டும். பார்வையற்றவரின் கைத்தடி அதில் தட்டினால்தான் அங்கே தடுப்பு இருப்பது அவருக்குத் தெரியும், சின்னப் பிள்ளை அடியில் நுழைவதும் நிற்கும். இரவில் ஒளிரும் பட்டையும் மஞ்சள் மினுக்கு விளக்கும் அவசியம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண்ணைச் சொல்லி 1913-இல் பதியுங்கள். “பூங்கா பக்கத்து விளக்கு” என்றால் ஆள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

மழை வந்தால் இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நீர் நிரம்பிய பள்ளமும் சாலையும் ஒரே மட்டமாகத் தெரியும். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளைஞர் இறந்துபோனார். வேலி இல்லாத பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைக் கண்டால் புகார் எண் வாங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தளப் பொறியாளரை அழையுங்கள், 100-ஐ அழையுங்கள், வேலி வரும்வரை ஓர் ஆள் விளக்கோடு நிற்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198-ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அலுவலகத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் பதில் வேகமாக வருவதுண்டு.

பள்ளத்தின் மேல் போடும் இரும்புத் தகட்டையும் கவனியுங்கள். பள்ளத்தின் இரு விளிம்பையும் தாண்டித் தலா 30 சென்டிமீட்டராவது தரையில் உட்கார வேண்டும். ஓரத்தில் சரிவாகத் தார்க்கலவை போட்டு மட்டமாக்காவிட்டால் தகட்டின் விளிம்பு டயரை வெட்டும். நடுவில் வளைந்து “டமார்” என்று சத்தம் கொடுக்கும் தகடு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்; இரண்டு நாளில் ஒரு முனை பள்ளத்துக்குள் இறங்கும். வழுவழுப்பான தகடு மழையில் இருசக்கர வண்டியைச் சறுக்கிவிடும், மேடு பள்ளக் கோலம் போட்ட தகடு கேளுங்கள்.

திருப்பிவிட்ட வண்டிகள் உங்கள் தெருவுக்குள் வந்தால்

காவல் துறை அறிவிக்கும் மாற்றுப் பாதை ஒன்றாக இருக்கும், வண்டிகள் போகும் பாதை வேறாக இருக்கும். போனில் வரைபடம் பார்த்து ஓட்டுபவர்கள் 200 மீட்டர் மிச்சப்படுத்த எந்தச் சந்துக்குள்ளும் நுழைவார்கள். தெரு உண்மையிலேயே அடைத்திருந்தால் கூகுள் வரைபடத்தில் “சாலை மூடப்பட்டுள்ளது” என்று தேதியோடு பதியலாம். பலர் பதிந்தால் ஏற்றுக்கொள்ளும். அடைக்காத தெருவை அடைத்ததாகப் பதியாதீர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்.

பலரும் உடனே கேட்பது ஒருவழிப் பாதை. யோசித்துக் கேளுங்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்ததும் ஓட்டுபவர்கள் வேகம் கூட்டுவார்கள், கூடவே பக்கத்துத் தெருவில் வண்டி இரட்டிப்பாகும். அந்தத் தெருக்காரர்களைக் கேட்காமல் கோரிக்கை வைத்தால் அடுத்த வாரம் அவர்கள் எதிர்மனு கொடுப்பார்கள், இரண்டுமே கிடப்பில் போகும். ஒருவழி தவிர வழியில்லை என்றால் இரண்டு தெருச் சங்கமும் சேர்ந்து, சோதனை முறையில் இரண்டு வாரம் என்று கேளுங்கள். முன்பு எடுத்த அதே கிழமை, அதே நேரக் கணக்கை மறுபடி எடுத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

சிமென்ட் கலவை லாரிகளுக்கும் மண் லாரிகளுக்கும் தனியாகப் பேச வேண்டும். பூங்கா நெரிசல் நேரத்தில் வராமல், காலை 10 முதல் 3 வரை வரச் சொல்லுங்கள். லாரி பின்னால் வரும்போது கொடியும் விசிலுமாக ஓர் ஆள் பின்பக்கம் நிற்க வேண்டும், முன்னால் நின்று “வா, வா” என்பவர் போதாது.

ஸ்பீடு பிரேக்கர் பற்றி

ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி சொல்லும் வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். நம் தெருக்களில் இருப்பதோ அரை மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயர மேடு. முதுகுவலிக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் அது தண்டனை. காரின் அடிப்பாகம் இடிக்கும். இருசக்கர வண்டிக்காரர் ஓரத்தில் உள்ள 30 சென்டிமீட்டர் சந்து வழியாக, நடப்பவர்களை உரசிக்கொண்டு போவார். மஞ்சள் கறுப்பு ரப்பர் தடை சில மாதத்தில் பெயர்ந்து, அதன் போல்ட்டுகள் மட்டும் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

சங்கமே செங்கலும் சிமென்ட்டும் வாங்கி இரவோடிரவாகப் போடுவது சட்டவிரோதம். அதில் யாராவது விழுந்தால் பொறுப்பு போட்டவர்கள் மேல் வரும். அனுமதி வாங்கிப் போடும்போதும் 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, தடையின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை, பக்கத்தில் விளக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று எழுதுங்கள். பட்டை அழிந்த தடை, தடையே இல்லாததைவிட மோசம்.

தார் போடுவதற்கு முன் வரும் வாய்ப்பு

பள்ளத்தை மூடும் விதத்தில்தான் அடுத்த இரண்டு ஆண்டுத் தலைவலி இருக்கிறது. மண்ணை 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு மேலே ஜல்லி போட்டால் முதல் பெருமழையில் நீளவாக்கில் உள்வாங்கும். இருசக்கர வண்டியின் சக்கரம் அந்த வாய்க்காலில் சிக்கும். மூடும் நாளில் ஓர் ஆள் நின்று அடுக்குக்கு ஒரு படம் எடுத்தால் போதும், வேலை தானாக ஒழுங்காக நடக்கும்.

தார் போடும் முன் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீடும் பூங்காவும் பள்ளமாகும். ஆள்நுழைவுக் குழி மூடிகள் புதிய தார் மட்டத்துக்கு வர வேண்டும். பள்ளமாக விட்ட மூடியைத் தவிர்க்க வண்டிகள் திடீரென்று வாசல் பக்கம் ஒடிக்கும்.

இந்த நேரத்தில்தான் பூங்கா வாசலுக்கு நிரந்தரத் தீர்வைக் கேட்க வேண்டும். நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய மேடைக் கடவை ஒன்று. குறைந்தது 3 மீட்டர் அகலம், வண்டிக்கு இரு பக்கமும் சரிவு, மேலே வரிக்கோடு. வேகத்தடை செய்யும் வேலையையும் அதுவே செய்துவிடும். நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. இதற்குப் பொறியாளர் சொல்லும் மறுப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மழைத் தண்ணீர் தேங்கும். அது நியாயமான கவலை. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறது என்று ஒரு மழை நாளில் படம் எடுத்து, மேடைக்கு மேற்பக்கம் ஒட்டியே வடிகாலுக்குச் சல்லடை மூடி வைக்கும்படி கேளுங்கள். வடிகால் வேலையே நடக்கும்போது இது கூடுதலாக ஓர் இணைப்புதான்.

இரண்டாவது, வாசலில் நடைபாதையை 2 மீட்டர் முன்னால் நீட்டுவது. ஓரத்தில் கார் நிற்கும் அகலம் அது, ஆகவே வண்டி ஓடும் பாதை குறையாது. இரு பக்கமும் நீட்டினால் 9 மீட்டர் கடக்க வேண்டியவர் 5 மீட்டர் கடந்தால் போதும். 9 விநாடி 5 ஆகிவிடும். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு 75 மீட்டர் தெரிய வேண்டியிருந்தது 42 மீட்டராகக் குறையும். வேறு எந்த ஒரு மாற்றமும் முதியவர்களுக்கு இவ்வளவு உதவாது.

சுண்டல், சோளம், பஜ்ஜி வண்டிகளை “அகற்றுங்கள்” என்று எழுதாதீர்கள். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருக்கிறது. விற்பனைக் குழு முடிவு செய்யாமல் அப்புறப்படுத்த முடியாது. வாசலிலிருந்து 15 மீட்டர் தள்ளி, பூங்கா மதில் பக்கமே இடம் ஒதுக்கக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் அனுப்பினால் பிள்ளைகள் அங்கே ஓடுவார்கள், நீங்கள் தவிர்க்க நினைத்த கடப்பை நீங்களே உருவாக்கியதாகும்.

கடிதம்

ஒரு பக்கம். ஒரு கடிதத்தில் மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். இப்படி அமையலாம்:

“பொருள்: ... தெரு, பூங்கா மேற்கு வாசல் முன் பாதுகாப்பு ஏற்பாடுகள். பார்வை: 1913 புகார் எண் ...
ஐயா/அம்மா, மேற்கண்ட தெருவில் ... தேதி முதல் வடிகால் பணி நடக்கிறது. ... தேதி மாலை 5:30 முதல் 6:30 வரை நாங்கள் எடுத்த கணக்கில் ... பேர் கடந்தனர், அவர்களில் ... பேர் சிறுவர்; ... வண்டிகள் சென்றன. 85-ஆவது சதமான வேகம் மணிக்கு ... கி.மீ. எனவே, 1) கதவு எண் ... முதல் ... வரை இரும்புத் தடுப்பு, ... தேதிக்குள், 2) வாசலின் இரு பக்கமும் 10 மீட்டர் நிறுத்தத் தடை, 3) தார் போடும் முன் மேடைக் கடவைக்கு மதிப்பீடு தயாரித்தல் ஆகியவற்றைக் கோருகிறோம். படங்களும் கணக்குத் தாளும் இணைப்பில்.”

கதவு எண் எழுதுவதை விட்டுவிடாதீர்கள், தெரு நீளமாக இருந்தால் ஆள் தவறான முனைக்குப் போய் “அங்கே பிரச்சினை இல்லை” என்று அறிக்கை கொடுத்துவிடுவார். உதவிப் பொறியாளருக்கு அசல். செயற்பொறியாளர், போக்குவரத்து ஆய்வாளர், கவுன்சிலர் மூவருக்கும் நகல். நேரில் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். ஏரியா சபைக் கூட்டம் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) நடந்தால் இதே மூன்று கோரிக்கையை அங்கே தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் செயற்பொறியாளரை நேரில் பாருங்கள், பிறகு 1100 எண்ணில் மக்கள் குறைகளைக் கேட்கும் முதல்வரின் முகவரித் துறை. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பணி ஆணை, ஒப்பந்தக் காலம், காலத் தாமதத்துக்கு விதித்த அபராதம், அங்கீகரித்த போக்குவரத்துத் திட்டம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே சட்டம் நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. தார் போடுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இந்த மனுவைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் தளம் இறுகிய பிறகு வரும் பதிலை வைத்துக்கொண்டு வாசலில் எதையும் மாற்ற முடியாது.